மணத்துக்கு மட்டும் கறிவேப்பிலையா?

(பட்டிமன்றத் தலைப்பு: இசைக் கலைஞர்களின் வாழ்க்கையைச் சொன்ன பழைய ஹாலிவுட் படங்கள், ஒதுக்கப்பட்ட கலைஞர்களைத் தூக்கி நிறுத்தினவா? தள்ளி வைத்தனவா? 'தள்ளி வைத்தனவே' என்ற அணியில் பேசியது.)

     

எதிரணித் தலைவர் ரொம்ப அழகாகப் பேசினார். "லீனா ஹார்ன் பாடுவதை இன்றைக்கும் நாம் பார்க்கிறோமே, யாரால்? அந்தப் படங்களால்! தூக்கி நிறுத்தவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் கேள்வியை வைத்தே நான் ஆரம்பிக்கிறேன்.

அய்யா, நம்ம வீட்டுச் சாம்பாரிலே கறிவேப்பிலை போடுகிறோம். மணம் யாரால்? கறிவேப்பிலையால். சாப்பிட உட்கார்ந்ததும் முதல் வேலை என்ன? அதை எடுத்து இலை ஓரத்திலே ஒதுக்குவது! (சிரிப்பு) கறிவேப்பிலையைக் கேட்டுப் பாருங்க. "என்னைச் சாம்பாரிலே சேர்த்தார்கள், அதனால் எனக்குப் பெருமை" என்று சொல்லுமா? "மணம் வேண்டும், நான் வேண்டாமா?" என்று கேட்குமா? அந்தக் கேள்வியைத்தான் எங்கள் அணி இந்த மேடையிலே கேட்கிறது. (கைதட்டல்)

வீட்டிலே பார்த்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் புரியணும் என்பதற்காக ஒரு நிமிஷம். 1940-களிலும் 1950-களிலும் ஹாலிவுட்டிலே ஒரு பழக்கம் இருந்தது. ஒரு இசையமைப்பாளர் அல்லது பாடகரின் வாழ்க்கையைக் கதையாக எடுப்பார்கள். ஏழைப் பையன், பியானோ, காதல், தோல்வி, கடைசியிலே பெரிய மேடை, கைதட்டல். நடு நடுவே அவருடைய பாட்டுகளை நட்சத்திரங்கள் வந்து பாடிவிட்டுப் போவார்கள். குடும்பத்தோடு பார்க்கிற படம். பாட்டு பிரமாதம், உடை பிரமாதம், நிறம் பிரமாதம். நிறத்திலேதான் பிரச்சினையும்! (சிரிப்பு)

முதல் சாட்சியாக, எதிரணி கூப்பிட்ட அதே சாட்சியை நானும் கூப்பிடுகிறேன். லீனா ஹார்ன். 1917-ல் பிறந்தவர். 1942-ல் எம்.ஜி.எம். நிறுவனத்தில் ஒப்பந்தமானவர். 1946-ல் ஜெரோம் கெர்ன் என்ற இசையமைப்பாளரின் வாழ்க்கையை 'டில் தி கிளவுட்ஸ் ரோல் பை' என்று எடுத்தார்கள். அதிலே லீனா வருகிறார், பாடுகிறார். 1948-ல் ரோஜர்ஸ், ஹார்ட் என்ற இரட்டையரின் கதையை 'வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்' என்று எடுத்தார்கள். அதிலும் வருகிறார், பாடுகிறார். ஆனால் கவனித்துப் பாருங்கள். கதாநாயகனோடு அவருக்கு ஒரு பேச்சு உண்டா? அவருக்கு அம்மா உண்டா? வீடு உண்டா? ஒரு கவலை உண்டா? ஒன்றும் கிடையாது. அழகான உடையோடு தனியாக நிற்பார், பாடுவார், போய்விடுவார்.

ஏன் தெரியுமா? அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே சில ஊர்களில், வேலைக்காரி வேஷத்தில் இல்லாத ஒரு கறுப்பினப் பெண் திரையில் வந்தால் தியேட்டர்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனாலே, கத்தரிக்கோலால் வெட்டினாலும் கதை கெடாதபடி அவருடைய காட்சியைத் தனியாக அமைத்தார்கள். ஊருக்கு ஊர் வெட்டவும் வெட்டினார்கள்! நடுவர் அவர்களே, சட்டை தைக்கிறபோதே 'இந்தக் கையை எப்போது வேண்டுமானாலும் கழற்றிக்கொள்ளலாம்' என்று தைத்தால், அந்தக் கை சட்டையோடு சேர்ந்ததா? ஒட்டு போட்டதா? இதையா எதிரணி 'தூக்கி நிறுத்தியது' என்கிறது? (கைதட்டல்)

இன்னும் இருக்கிறது. ஜெரோம் கெர்னின் புகழ் பெற்ற மேடை நாடகம் 'ஷோ போட்'. அதிலே ஜூலி என்று ஒரு பாத்திரம். கறுப்பின ரத்தம் கலந்தவள். அதை மறைத்து நாடகக் கப்பலிலே நடிக்கிறாள். விஷயம் வெளியே தெரிந்ததும் கப்பலை விட்டே போக வேண்டி வருகிறது. கெர்னின் வாழ்க்கைப் படத்திலே அந்த ஜூலியாகச் சில நிமிஷம் வந்து பாடினவர் லீனா. எல்லோரும் என்ன நினைப்பார்கள்? நாடகத்தை முழுப் படமாக எடுக்கும்போது இவருக்குத்தான் வாய்ப்பு என்றுதானே? 1951-ல் அதே எம்.ஜி.எம். 'ஷோ போட்' எடுத்தது. ஜூலியாக நடித்தவர் ஏவா கார்ட்னர். வெள்ளைக்கார நடிகை! பாட்டாவது அவர் பாடினாரா? படத்தில் கேட்கிற குரல் ஆனெட் வாரனுடையது. இதிலே பெரிய கொடுமை, லீனாவே சொன்னது: அவருக்கென்று ஒப்பனைக்காரர்கள் ஒரு நிறக்கலவை தயாரித்தார்கள். அந்தக் கலவையை ஏவா கார்ட்னருக்குப் பூசினார்கள். நிறத்தை மட்டும் டப்பாவிலே எடுத்துக்கொண்டு, நிறத்துக்கு உரியவரை வாசலிலே நிறுத்திவிட்டார்கள்! (பலத்த கைதட்டல்)

அதே கெர்ன் படத்தின் கடைசிக் காட்சியையும் பாருங்கள். மிசிசிப்பி நதியைப் பார்த்து, மூட்டை சுமந்து முதுகொடிந்த ஒரு கறுப்பினத் தொழிலாளி பாடுகிற பாட்டு உண்டு. படத்தின் முன்பகுதியிலே அதைக் காலெப் பீட்டர்சன் என்ற கறுப்பினப் பாடகர் பாடுகிறார். சரி. ஆனால் படத்தின் உச்சக்கட்டத்திலே அதே பாட்டை யார் பாடுகிறார்? ஃபிராங்க் சினாட்ரா. வெள்ளை உடையிலே, வெள்ளை மேடையிலே! சினாட்ராவின் குரல் தேன்தான், நான் மறுக்கவே இல்லை. ஆனால் மூட்டை தூக்கினவன் பாட்டை, மடிப்பு கலையாத கோட்டு போட்டவர் பாடினால், பாட்டு இருக்கும். மூட்டை எங்கே போகும்? (சிரிப்பு, கைதட்டல்)

இரண்டாவது சாட்சி 'தி ஜோல்சன் ஸ்டோரி'. அதுவும் 1946. ஆல் ஜோல்சன் என்ற பாடகரின் கதை. அவர் வேடத்தில் நடித்தவர் லாரி பார்க்ஸ், பாட்டுக் குரல் ஜோல்சனுடையதே. எதிரணிச் சகோதரி சொன்னார், "அந்தப் படத்திலே ஒரு யூதக் குடும்பத்தை, வழிபாட்டிலே பாடுகிற தகப்பனாரை, எவ்வளவு மரியாதையாகக் காட்டியிருக்கிறார்கள்!" என்று. உண்மைதான் சகோதரி. அதுக்கு நானே ஒரு கைதட்டு தட்டுகிறேன். ஆனால் அதே படத்திலே கதாநாயகன் முகத்திலே கரி பூசிக்கொண்டு கறுப்பின மனிதனாக வேஷம் கட்டிப் பாடுகிறாரே! அதைப் படம் ஒரு கேள்வியும் கேட்காமல், அது ஏதோ பெரிய கலை போலக் கொண்டாடுகிறதே! ஒரு சிறுபான்மைக் குடும்பத்துக்கு மரியாதை கொடுத்த அதே கை, இன்னொரு சமூகத்தின் முகத்தைக் கரித்துண்டாக்கியது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதுதானே நடுவர் அவர்களே!

மூன்றாவது சாட்சி 'தி பென்னி குட்மேன் ஸ்டோரி', 1956. இங்கே நியாயமாகப் பேசணும். பென்னி குட்மேன் நல்ல மனிதர். டெடி வில்சன், லயனல் ஹாம்ப்டன் என்ற கறுப்பினக் கலைஞர்களை, 1936-லேயே தன் பக்கத்தில் வைத்து மேடையேறியவர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிப்பது அபூர்வமாக இருந்த காலம் அது. அந்த இருவரும் படத்திலும் தாங்களாகவே வருகிறார்கள். ஆனால் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் என்று ஒருவர் இருந்தாரே! 1920-களிலேயே தனக்கென்று பெரிய இசைக்குழு வைத்திருந்த கறுப்பின மேதை. லூயி ஆம்ஸ்ட்ராங் போன்றவரே வந்து வாசித்துவிட்டுப் போன குழு அது. குட்மேன் குழுவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த இசை அமைப்புகளிலே முக்கியமானவை ஹெண்டர்சன் எழுதிக் கொடுத்தவை. படத்திலே அவருக்கு ஒரு சின்ன வேஷம். சாமி டேவிஸ் சீனியர் வந்து நடித்துவிட்டுப் போகிறார்.

உடனே எதிரணி நண்பர் எழுந்து, "அது குட்மேன் கதைய்யா, குட்மேனைத்தான் காட்டுவாங்க" என்கிறார். சரிங்க. ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் 'ஹெண்டர்சன் கதை' எங்கே? அதை எந்த ஸ்டூடியோ எடுத்தது? விருந்து சமைத்தவருக்கு இந்தப் பந்தியில் இடம் இல்லை என்றால், அடுத்த பந்தியிலாவது இலை போட வேண்டாமா? (கைதட்டல்)

ஒதுக்கப்பட்டது நிறம் மட்டும்தானா? இல்லை. மனசும் ஒதுக்கப்பட்டது. இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசலாமா என்று சிலர் தயங்குவார்கள். குடும்பத்தில் பேசாமல் வேறு எங்கே பேசுவது? 'நைட் அண்ட் டே' என்று 1946-ல் ஒரு படம். கோல் போர்ட்டர் என்ற பெரிய பாடலாசிரியரின், இசையமைப்பாளரின் கதை. கேரி கிராண்ட் கதாநாயகன். அழகான கணவன், அழகான மனைவி, ஊடல், கூடல். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிஜமான கோல் போர்ட்டர் தன்பால் ஈர்ப்பு கொண்டவர். அவரும் அவர் மனைவி லிண்டாவும் ஒருவரை ஒருவர் மதித்து, அன்போடு வாழ்ந்தவர்கள். அது சாதாரணக் கதை இல்லை. 1937-ல் குதிரை மேலேயே விழுந்து அவருடைய இரண்டு கால்களும் நொறுங்கின. வலியோடு வாழ்ந்துகொண்டே பாட்டு எழுதினார். எவ்வளவு பெரிய கதை! அதிலே பாதியை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, மீதிக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றினார்கள்.

'வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்' படத்திலே பாடலாசிரியர் லோரன்ஸ் ஹார்ட்டுக்கும் இதே கதி. மிக்கி ரூனி நடித்தார். அந்த மனிதர் ஏன் தனிமையிலே குடித்து உருகினார்? படம் சொல்லும் காரணம், ஒரு பெண் அவரை மறுத்துவிட்டாளாம்! நிஜத்திலே அவரும் தன்பால் ஈர்ப்பு கொண்டவர். வெளியே சொல்ல முடியாத காலத்திலே வாழ்ந்து, 1943-ல் நாற்பத்தெட்டு வயதிலே போய்விட்டார். உயிரோடு இருந்தபோது சொல்ல முடியவில்லை. செத்த பிறகும் சொல்லவிடவில்லை. இதுக்குப் பெயர் வாழ்க்கை வரலாறா? (கைதட்டல்)

எதிரணிக்கு இப்போது ஒரே ஒரு கதவுதான் திறந்திருக்கிறது. "அன்றைய விதி அப்படி, அன்றைய காலம் அப்படி." ஆமாம், விதி இருந்தது. 1930-ல் எழுதி, 1934 முதல் கறாராக அமல்படுத்திய தணிக்கை விதி. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் காதலிப்பதாகக் காட்டக்கூடாது என்றது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் அன்பு கொள்வதை ஜாடையாகக்கூடக் காட்டக்கூடாது என்றது. எல்லாம் சரி. ஆனால் அந்த விதியை எழுதி வைத்தது யார்? வானத்திலிருந்தா விழுந்தது? சினிமாத் தொழிலே தனக்குத் தானே போட்டுக்கொண்ட வேலி அது. தானே வேலி போட்டுவிட்டு, "அய்யோ, வேலி தடுக்கிறதே" என்று அழுதால் எப்படி? (சிரிப்பு)

அடுத்து, "இன்றைய அளவுகோலை அன்றைக்கு வைக்காதீர்கள்" என்கிறார்கள். நான் இன்றைய அளவுகோலைத் தொடவே இல்லை. அன்றைக்கு வாழ்ந்தவர்களின் அளவுகோலையே எடுத்துக் காட்டுகிறேன்.

ஹேசல் ஸ்காட். டிரினிடாடில் 1920-ல் பிறந்த பியானோ மேதை. 1945-ல் வந்த 'ராப்சடி இன் ப்ளூ', ஜார்ஜ் கெர்ஷ்வினின் கதை. அதிலே ஹேசல் ஸ்காட் வருகிறார். எப்படி வருகிறார்? ஹேசல் ஸ்காட்டாகவே வருகிறார்! தன் சொந்தப் பெயரோடு, கம்பீரமான உடையோடு, கலைஞராக. அது ஸ்டூடியோ போட்ட பிச்சை இல்லை அய்யா. வேலைக்காரி வேஷம் போட மாட்டேன், நானாகத்தான் வருவேன் என்று அந்த அம்மா ஒப்பந்தத்திலே கேட்டு வாங்கின உரிமை.

அதற்கு விலை கொடுக்கவில்லையா? கொடுத்தார். வேறொரு படம், 1943-ல் வந்தது. போருக்குப் போகிற கணவன்மார்களைக் கறுப்பினப் பெண்கள் வழியனுப்புகிற காட்சி. அந்தப் பெண்களுக்கு அழுக்குப் பூசின ஏப்ரன்களை மாட்டிவிட்டார்கள். ஹேசல் ஸ்காட் கேட்டார்: கணவனைப் போருக்கு அனுப்புகிற எந்தப் பெண்ணாவது அழுக்குத் துணியோடு வாசலுக்கு வருவாளா? நம்ம வீட்டுத் தாய்மார்களே, நீங்க சொல்லுங்க, வருவீர்களா? இருக்கிறதிலே நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு அல்லவா வருவீர்கள்! மூன்று நாள் வேலைக்கு வராமல் நின்றார். அந்த உடையை மாற்றிய பிறகுதான் வந்தார். அதற்குப் பிறகு அவருடைய சினிமா வாழ்க்கை சுருங்கிப் போனது. 1950-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே தன் பெயரில் நிகழ்ச்சி நடத்தினார். அரசியல் சந்தேகப் பட்டியலிலே பேர் சேர்த்தார்கள். விசாரணைக் குழு முன்னே தானாகப் போய் நின்று பேசினார். அந்த நிகழ்ச்சியும் நின்று போனது.

லீனா ஹார்னின் தகப்பனார் கதை தெரியுமா? ஒப்பந்தம் பேச எம்.ஜி.எம். முதலாளி லூயி பி. மேயர் முன்னாலே போய் உட்கார்ந்தார். என் மகளுக்கு வேலைக்காரி வைக்க எனக்கு வசதி இருக்கிறது, அவள் எதற்கு வேலைக்காரியாக நடிக்க வேண்டும் என்று கேட்டதாகச் சொல்வார்கள். பெண்ணைப் பெற்ற தகப்பன் கேட்கிற கேள்வி அது! இதெல்லாம் 1940-களிலே கேட்ட கேள்வி. அன்றைக்கே தப்பு என்று சொன்னவர்கள் இருந்தார்கள் நடுவர் அவர்களே. கேட்கிற காது இல்லை. அதனாலே 'காலம் அப்படி' என்கிற வாதம் இந்த மேடையிலே செல்லாது! (பலத்த கைதட்டல்)

கடைசியாக எதிரணி ஒரு துருப்புச் சீட்டு இறக்கியது. 'ஸ்டார்மி வெதர்', 1943. முழுக்கக் கறுப்பினக் கலைஞர்கள் நடித்த படம். ஆடல் மேதை பில் ராபின்சனின் வாழ்க்கையைத் தழுவியது. கேப் காலோவே, ஃபேட்ஸ் வாலர், நிக்கலஸ் சகோதரர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அற்புதமான படம். ஆனால் கதாநாயகன் பெயர் என்ன? பில் வில்லியம்சன்! ஜெரோம் கெர்ன் படத்திலே கெர்ன், கெர்னாகவே வருகிறார். கோல் போர்ட்டர், போர்ட்டராகவே வருகிறார். பில் ராபின்சன் மட்டும் தானே நடித்த, தன் கதையைத் தழுவிய படத்திலே தன் பேரோடு வர முடியவில்லை!

1958-ல் வந்த 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' படத்தையும் சொன்னார்கள். ப்ளூஸ் இசையை நாடறியச் செய்த டபிள்யூ. சி. ஹேண்டியின் கதை. நாட் கிங் கோல் நடித்தார். அதை நான் மனசாரப் பாராட்டுகிறேன். அப்பா போதகர். பையன் ப்ளூஸ் பாட்டு என்கிறான். அப்பா, அது பாவம் என்கிறார். வீட்டிலே சண்டை. நம்ம வீட்டுக் கதை மாதிரியே இல்லையா? அந்தக் குடும்பத்திலும் அப்பா உண்டு, பிள்ளை உண்டு, பாசம் உண்டு என்று காட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. அந்தப் படம் ஏப்ரலில் வந்தது. ஹேண்டி மார்ச் 28-ஆம் தேதியே கண்ணை மூடிவிட்டார். இவர்கள் கொண்டுபோய் வைத்த மாலை, கழுத்திலே விழவில்லை, படத்துக்குத்தான் விழுந்தது. அதிலே நடித்த நாட் கிங் கோல் யார்? 1956-ல் அலபாமாவிலே பர்மிங்ஹாம் நகரில், மேடையிலே பாடிக்கொண்டிருக்கும்போதே இன வெறியர்களால் தாக்கப்பட்டவர். அதே ஆண்டு தொடங்கிய அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வராததால், 1957 டிசம்பரில் அது முடிந்தது.

ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1937-ல் இறந்தார். அவர் கதை படமாக வந்தது 2015-ல். பில்லி ஹாலிடே 1959-ல் இறந்தார். அவர் கதை 1972-ல் வந்தது. கோல் போர்ட்டரின் முழு மனசையும் கொஞ்சம் மறைக்காமல் காட்ட 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெள்ளையர் பலருக்கு உயிரோடு இருக்கும்போதே படம், இவர்களுக்குத் திவசத்துக்குப் படம்! (கைதட்டல்)

அதனாலே அந்தப் பழைய படங்களைப் பார்க்காதீர்கள் என்றா சொல்கிறேன்? இல்லவே இல்லை. 'ராப்சடி இன் ப்ளூ'விலே ஆன் பிரவுன் பாடுகிறார். 1935-ல் கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' மேடையேறியபோது முதல் பெஸ்ஸாகப் பாடியவர் அவர். அந்தச் சில நிமிஷத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம். தாராளமாகப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்திலே உட்கார வைத்துப் பாருங்கள். ஆனால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று யோசியுங்கள். கதை யாருக்கு இருக்கிறதோ அவர்தான் மேதை, பாட்டு மட்டும் பாடுகிறவர் வேலையாள் என்று அந்தப் பிஞ்சு மனசு எடுத்துக்கொள்ளும். அதனாலே, "இந்த அம்மா யார் தெரியுமா? இவருக்கு ஏன் இந்தப் படத்திலே ஒரு வீடு இல்லை தெரியுமா?" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்கள் கத்தரிக்கோலால் வெட்டினதை, நாம் வாயாலே ஒட்டணும்.

லீனா ஹார்ன் 2010-ல் மறைந்தார். 2022-ல் நியூயார்க் பிராட்வேயிலே ஒரு நாடக அரங்கத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். பிராட்வேயிலே கறுப்பினப் பெண் ஒருவரின் பெயர் தாங்கிய முதல் அரங்கம் அதுதான். வெட்டி எறிவதற்கென்றே காட்சி அமைத்தார்களே, அந்த அம்மாவின் பெயர் இன்றைக்கு வாசல் மேலேயே விளக்குப் போட்டு நிற்கிறது. நடுவர் அவர்களே, அவரைத் தூக்கி நிறுத்தியது அந்தப் படங்களா? இல்லை. அவருடைய குரல், அவருடைய பிடிவாதம், மறக்க மறுத்த மக்கள்.

ஆகவே, பழைய ஹாலிவுட்டின் இசை வாழ்க்கைப் படங்கள் பாட்டை எடுத்துக்கொண்டு பாடினவர்களைத் தள்ளி வைத்தனவே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, இன்று ராத்திரி சாம்பாரிலே கறிவேப்பிலையை ஒதுக்கும்போது ஒரு நொடி எங்கள் அணியை நினைத்துக்கொள்ளுமாறும் கேட்டு விடைபெறுகிறேன். (சிரிப்பு)  (பலத்த கைதட்டல்)